ஸ்கேன் ஏன் சாம்பல் பூத்த மாதிரி வருது? நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க,

தீபாவளிக்கு அப்புறம் கருப்பு வெள்ளை ஃபிலிம் நெகட்டிவக் குடுத்து ஸ்கேன் வாங்கிட்டுப் போனவங்கள்ல பாதிப் பேர் போன் பண்ணிட்டீங்க, எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "என்னங்க படம் வெளுத்துப்போய் கிடக்கு, கருப்பு கருப்பாவே இல்லையே, மிஷின் ரிப்பேரா?"ன்னு. மிஷின் நல்லாத்தான் இருக்கு, நாங்கதான் வேணும்னே அப்படிக் குடுக்க ஆரம்பிச்சிருக்கோம். ஒவ்வொருத்தருக்கா சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வேட்டி. போன வருஷம் ஒரு அம்மா அவங்க அப்பா அம்மாவோட கல்யாண நெகட்டிவ் கொண்டுவந்தாங்க, 120 ஃபிலிம், சதுரமா 6க்கு 6, ஃபிளாஷ் போட்டு எடுத்தது. வேலை நிறைய இருந்துச்சுன்னு, கருப்பு வெள்ளை அளவ ஸ்கேனரே முடிவு பண்ற ஆட்டோ மோடுல தட்டிவிட்டு ஜேபெக்கா குடுத்துட்டோம், பாக்க பளிச்சுன்னு இருக்கவும் அவங்களும் சந்தோஷமா வாங்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த பழைய பிரிண்ட்ட கழட்டி எடுத்துட்டு வந்து, "இதுல அப்பா வேட்டியில மயில்கண் கரை தெரியுது பாருங்க, நீங்க குடுத்ததுல வெள்ளைப் பேப்பர வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு"ன்னாங்க. நெகட்டிவ லைட் டேபிள்ல வச்சு லூப்ல, அதான் பூதக்கண்ணாடில பாத்தா மடிப்பு, கரை, இடுப்புல செருகின கொசுவம் வரைக்கும் எல்லாம் இருக்கு. தப்பு எங்க மேலதான்.

நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ்தானே, வேட்டிதான் அடர் கருப்பா இருக்கும், மாப்பிள்ளையோட தலைமுடி கிட்டத்தட்ட வெறும் ஃபிலிமா இருக்கும். அந்தக் கருப்போட அளவத்தான் அடர்த்தின்னு சொல்றது, அடர்த்தி 1ன்னா உள்ள போற வெளிச்சத்துல பத்துல ஒரு பங்குதான் வெளிய வரும், 2ன்னா நூத்துல ஒரு பங்கு. சாதாரணமா கழுவின கருப்பு வெள்ளை நெகட்டிவ்ல 2ஐத் தாண்டுற இடம் ரொம்பக் கம்மி, ஸ்கேனர் பெட்டியில 4 வரைக்கும் பிடிக்கும்னு போட்டிருப்பாங்க, அந்த 4ஐ அப்படியே நம்ப வேண்டாம், ஆனா நம்ம நெகட்டிவுக்குத் தேவையானதவிட அதிகமாவே பிடிக்கும். அப்போ வேட்டிய தின்னது யாருன்னா, அந்த ஆட்டோதான். அது படத்துல அடிக் கருப்பு, உச்ச வெள்ளைன்னு ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டித் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த இழுத்துக் கட்டி பளபளன்னு காட்டும், ஃபிளாஷ் அடிச்ச வேட்டி சரியா அந்த ஓரத்துலதான் உக்காந்திருக்கும். பிரிவியூல ஃபிரேமுக்கு வெளிய இருக்குற ஹோல்டரோ ஸ்ப்ராக்கெட் ஓட்டையோ மாட்டிக்கிச்சுன்னா கணக்கு இன்னும் குளறுபடி ஆயிடும்.

அதனால இப்போ ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எந்த அளவு வெளிச்சத்துல எவ்ளோ பிக்சல் இருக்குன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் படத்த நாங்களே பாத்து ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்குறோம், நீங்க பாக்குற அந்த சாம்பல் கலர் அந்த இடம்தான். ஃபைல் 16 பிட் டிஃப் (TIFF). 8 பிட்ல கருப்புல இருந்து வெள்ளைக்கு மொத்தம் 256 படிதான், 16 பிட்ல 65,536, அதனால நீங்க கான்ட்ராஸ்ட் ஏத்தும்போது வானம் பட்டை பட்டையா உடையாது. இன்ஃப்ராரெட் வெளிச்சம் விட்டுத் தூசியக் கண்டுபிடிச்சு எடுக்குற ஐஸ் (ICE) ஆப்ஷனையும் போடுறதில்ல, கருப்பு வெள்ளை ஃபிலிம்ல இருக்குற வெள்ளி அந்த இன்ஃப்ராரெட் வெளிச்சத்த மறைக்கும், அது முகத்தையே தூசின்னு நெனச்சு அழிச்சு வச்சிரும். எக்ஸ்பி2 மாதிரி கலர் கெமிக்கல்ல கழுவுற ஃபிலிம்னா மட்டும் போடுவோம். மத்ததுக்கெல்லாம் பிரஷ்ஷ வச்சுக் கையாலதான் தூசி எடுக்குறோம்.

சில பேர் "அந்தக் காலத்து பிரிண்ட்ல இருந்த டெப்த் இதுல இல்லையே"ன்னு கேக்குறாங்க. அந்த டெப்த் நெகட்டிவ்ல இருந்தது இல்லைங்க. பிரிண்ட் போடுறவர் நெகட்டிவப் பாத்து கான்ட்ராஸ்ட்டுக்குத் தகுந்த மாதிரி 2ஆம் நம்பர் பேப்பரா 3ஆம் நம்பரான்னு எடுப்பார், வேட்டி வெளுத்துச்சுன்னா மத்த இடத்தக் கையால மறைச்சுக்கிட்டு அங்க மட்டும் இன்னும் நாலு செகண்ட் வெளிச்சம் விடுவார். அந்த வேலைய இப்போ நீங்க கம்ப்யூட்டர்ல பண்றீங்க, அவ்ளோதான். முதல்ல போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல லெவல்ஸ்னு இருக்கும், அதுல ரெண்டு ஓரத்தையும் பிக்சல் ஆரம்பிக்குற இடம் வரைக்கும் தள்ளுங்க, அதுக்கு மேல தள்ளாதீங்க, அப்புறம் கர்வ்ஸ்னு இருக்குற கோட்டுல கீழ லேசா இறக்கி மேல லேசா ஏத்தி ஒரு எஸ் போடுங்க, ஒரு நிமிஷ வேலை. இதெல்லாம் வேண்டாம்னு சொல்றவங்களுக்கு நாங்களே சரிபண்ணின ஜேபெக் ஒண்ணும் கூடவே குடுக்குறோம், அத மாமாக்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிக்கோங்க, டிஃப்ப அனுப்ப வேண்டாம்.

இப்போ ஃபிலிம் எடுக்குற பசங்களுக்கு ஒண்ணு. 400 ஸ்பீட் ஃபிலிம 1600ன்னு வச்சு வெளிச்சம் கம்மியா எடுத்து, கூடுதல் நேரம் கழுவி, அதான் புஷ் பண்ணிட்டு வந்து "ஷேடோ எடுத்துக் குடுங்கண்ணா"ன்னு கேக்காதீங்கப்பா, வெறும் ஃபிலிமா இருக்குற இடத்துல நான் எதத் தேடுறது. ஸ்கேனுக்குன்னே எடுக்குறீங்கன்னா 400 ஸ்பீட் ஃபிலிம் ஹெச்பி5, ட்ரை-எக்ஸ் எதுவா இருந்தாலும் கேமராவுல 200ன்னு வச்சு எடுத்துட்டு, டெவலப்பர்ல நேரத்த பத்து பதினஞ்சு சதவீதம் குறைச்சுப் பாருங்க. நிழல்ல விஷயம் பதிஞ்சிருக்கும், வெள்ளையும் கல்லு மாதிரி ஆகாது. ஸ்கேனருக்கு படத்துல இருட்டா இருக்குற இடம் பிரச்சினை இல்ல, நெகட்டிவ்ல அடர்த்தியா இருந்து படத்துல வெள்ளையா வர்ற இடம்தான் பிரச்சினை, புள்ளி புள்ளியா நாய்ஸ் வர்றது வானத்துலயும் சட்டையிலயும்தான், டிஜிட்டல் கேமராவுக்கு அப்படியே நேர் எதிர்.

ஆட்டோல எடுத்துக் குடுத்த காலத்துல வாங்கினவங்க, வெள்ளை போயிருச்சுன்னு தோணுச்சுன்னா நெகட்டிவக் கொண்டுவாங்க, காசு வேண்டாம், திரும்ப எடுத்துத் தரேன். பழைய பில் இல்லைன்னாலும் பரவால்ல. கூரியர்ல அனுப்புறவங்க சுருட்டி டப்பாவுல போடாம ஸ்லீவ்ல தட்டையா வச்சு அனுப்புங்க, கவரத் திறந்தா வினிகர் வாடை அடிக்குற, அதாவது கெட்டுப்போக ஆரம்பிச்ச நெகட்டிவ் இருந்தா அத மட்டும் தனிக் கவர்ல போட்டு மேல எழுதிடுங்க, அடுத்தவங்க நெகட்டிவோட சேர்த்து வைக்க முடியாது.