கோப்பியைப் பாதியாகக் குறை

அன்புள்ள தம்பி,

சிகரெட்டை விட்ட பிறகுதான் இருமல் கூடிவிட்டது, இதற்குப் புகைத்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று நேற்றிரவு நீ அலுத்துக்கொண்டாய். தொலைபேசியில் விளக்கினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிடும் நுண்ணிய இழைகள் உண்டு. புகையால் முடங்கிக் கிடந்த அவை இப்போது மறுபடி அசையத் தொடங்கியிருப்பதால், தேங்கிய சளி வெளியே வருகிறது. இது சில வாரங்கள் நீடிக்கலாம். வெந்நீர் நிறையக் குடி. சளியில் இரத்தம் தெரிந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவரைப் பார்.

இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளிலேயே வெளியேறிவிடும். நிக்கோட்டினும் அப்படித்தான், அது வற்றும் இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் எரிச்சலும் தலைவலியும் உச்சத்தில் இருக்கும். மலச்சிக்கலும் வரும், பப்பாளி சாப்பிடு.

நீ கவனிக்காதது கோப்பி. புகையிலுள்ள தாரின் சில பொருள்கள், கல்லீரல் காஃபீனை வேகமாகச் சிதைக்கும்படி தூண்டிக்கொண்டிருந்தன. புகை நின்றதும் அந்த வேகம் சில நாள்களில் தணிந்துவிடும் என்பதால், வழக்கமான அளவே குடித்தாலும் காஃபீன் உடம்பில் ஏறக்குறைய இரு மடங்கு தங்கும். கை நடுக்கத்தையும் படபடப்பையும் தூக்கமின்மையையும் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து, அதையே மீண்டும் தேடிப் போகிறவர்களை மருந்தகத்தில் தாதியாக இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கோப்பிக்கடையில் கடுங்கோப்பியான "காவ்" கேட்பதை விட்டுவிட்டு, கடுப்பம் குறைந்த "போ" என்று கேள். மதியத்துக்குப் பிறகு அதுவும் வேண்டாம்.

சூயிங்கம் விற்கக்கூடாத நம் சிங்கப்பூரிலும், புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்கும் நிக்கோட்டின் கம் 2004 முதல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. கோப்பி குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் வாயில் போட்டால் மருந்து சரியாக ஏறாது. நண்பர்கள் மின்சிகரெட்டைச் சொல்வார்கள். வைத்திருப்பதே இங்கே குற்றம்.

நாக்கில் ருசி திரும்பத் தொடங்கியிருக்கும், சனிக்கிழமை சாப்பிட வா. வரும்போது மருந்தாளர் கொடுத்த கம் பெட்டியைக் கொண்டு வா, அளவு சரிதானா என்று பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா