பிளேட் கூட்டினால் ஏற்றக்கூடிய நிறை கூடிவிடாது

ஆசிரியருக்கு,

காலபோக அறுவடை வந்தால் வயல் ஒழுங்கைகளிலிருந்து ஏ9 வீதிக்கு ஏறும் பிக்கப்களும் பட்டா லொறிகளும் பின்பக்கம் குந்தியபடியே ஓடுகின்றன. அதற்குக் கராச்சில் கேட்கிற மருந்து ஒன்றுதான்: “இன்னும் ரெண்டு பிளேட் போட்டு விடுங்கோ.” பின்பக்க ஸ்பிரிங்கில் இப்படிக் கூடுதல் பிளேட் போட்டால் வண்டி நிமிரும். அச்சு, பெயரிங், ரயர், பிறேக் எல்லாம் பழையதுதானே? கூடின பாரம் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

எல்லை பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழியுங்கள். உதாரணமாக, 2,900இல் 1,850 போனால் 1,050 கிலோ. சாரதியும் கூட ஏறுபவர்களும் இதற்குள்தான் அடக்கம். மூன்று பேருக்கு 200 கிலோ விட்டால் மிச்சம் 850: 65 கிலோ நெல் மூட்டை 13, அல்லது சீமெந்துப் பை 17. அதற்கு மேல் ஏற்றுவது குற்றம்.

தண்ணீரும் மணலும்தான் ஆட்களை ஏமாற்றுபவை. 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். பாதி நிரப்பினால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்து வண்டியைச் சரிக்கும். ஆகவே வண்டிக்கு ஏற்ற சின்னத் தாங்கியை முட்ட நிரப்புவதே பாதுகாப்பு. ஒரு கியூப் (100 கன அடி) மணல் காய்ந்திருந்தாலே ஏறக்குறைய நாலரைத் தொன், ஈரமென்றால் ஐந்தையும் தாண்டும்.

லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கவேண்டும். பின்னுக்குக் குவித்தால் பெட்டியை இயந்திரத்தோடு இணைக்கும் கொழுவி மேலே எழும்பி, இழுக்கும் சில்லுகளுக்குப் பிடிமானம் போய்விடும். குளக்கட்டால் இறங்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. பெட்டி பின்னாலிருந்து தள்ளுகையில் கைபிடியிலுள்ள இடது திருப்பும் கிளச்சைப் பிடித்தால் இடது சில்லு விடுபட்டு ஓடும். வலது சில்லை இயந்திரம் பிடித்து வைத்திருக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். பாரம் கூடக்கூட இது வேகமாக நடக்கும். இறக்கம் தொடங்க முன்னரே சின்னக் கியருக்கு மாற்றி, கிளச்சைத் தொடாமல் கைபிடியால் திருப்பி, பெட்டியின் பிறேக்கை மிதித்து இறங்குங்கள்.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் வரும் இலக்கத்தையும் பாருங்கள். 104 என்றால் ஒரு ரயருக்கு 900 கிலோ, 95 என்றால் 690. அதுவும் உரிய காற்று இருந்தால் மட்டும். காற்றுக் குறைந்த ரயர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

லொறி நிறுக்கும் தராசு உள்ள அரிசி ஆலைக்குப் போனால், முழு வண்டியை நிறுத்த பிறகு பின்சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி இன்னொருமுறை நிறுக்கச் சொல்லுங்கள். பின்னுக்கு இரண்டே ரயர் உள்ள வண்டியில் அந்த நிறையின் பாதிதான் ஒரு ரயர் சுமப்பது.

கராச் தொழிலாளர்கள் சிலர்,
கிளிநொச்சி