செயலாளர் ஆண்டறிக்கை (பொதுக்குழுவுக்கு வராதவங்களுக்காக)

எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்துல படிச்ச அறிக்கைதான், வராதவங்களுக்காக இங்கயும் போடறேன், அவங்கதான் அதிகம்.

நிர்வாகக்குழு 4 தடவை கூடிச்சு. எம்டிஏ, அதாவது ஆராய்ச்சி சாம்பிள வேற இடத்துக்குக் குடுக்கறப்ப போடற ஒப்பந்தம், அதப் பத்தி ஒரு பேச்சு நடந்துச்சு. ஆண்டுவிழாவும் நல்லபடியா முடிஞ்சுது.

இனி டெக் ட்ரான்ஸ்ஃபர் வகுப்பு, அதாவது யுனிவர்சிட்டி கண்டுபிடிப்ப பேட்டன்ட் பண்ணி கம்பெனிக்குக் குடுக்கற வேலையப் பத்தினது. "யுனிவர்சிட்டி ஆபீஸ்ல ஃபைல் தள்ளுற நமக்கு பேட்டன்ட் எதுக்கு"ன்னு கமிட்டிலயே கேட்டாங்க. பேராசிரியர் எங்க பேசப் போறார்னு முதல்ல தெரியறது யாருக்கு, ட்ராவல் ஃபைல் நம்ம மேஜைக்குத்தானே வருது? பேட்டன்ட் மனு போடாம கண்டுபிடிப்ப மேடைல சொல்லிட்டா ஐரோப்பால கதை முடிஞ்சுது, அமெரிக்கால 1 வருஷம் சலுகை இருக்கு, ஆனா அத நம்பி உக்காரக்கூடாது. முதல் மனு போட்ட தேதிலேர்ந்து 12 மாசத்துக்குள்ள மத்த நாடுகள்ல போடணும், இல்ல பிசிடி மனு (பல நாட்டுக்கும் சேத்து ஒரே மனுவா போடறது) போடணும், அப்படி போட்டா நாடு நாடா நுழைய பெரும்பாலும் அதே தேதிலேர்ந்து 30 மாசம் கிடைக்கும். இந்தத் தேதியெல்லாம் எந்தப் பேராசிரியர் குறிச்சு வைப்பாரு?

மூணாவது வகுப்புல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிக்கும் ரோஷ் கம்பெனிக்கும் ஒரு கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்னு நடந்த வழக்கு எடுத்தோம். ஆராய்ச்சியாளர் யுனிவர்சிட்டிக்கு கையெழுத்து போட்டது "உரிமைய எழுதித்தர சம்மதிக்கிறேன்"னு, அப்புறம் வேல கத்துக்கப் போன கம்பெனில (அதோட உரிமைதான் பின்னாடி ரோஷ் கைக்கு வந்துச்சு) போட்டது "இதன்மூலம் எழுதித்தரேன்"னு. பின்னாடி போட்டதுதான் ஜெயிச்சுது. அரசாங்கப் பணத்துல நடந்த ஆராய்ச்சிங்கறதால பேய்-டோல் சட்டப்படி (அரசாங்கப் பணத்துல வந்த கண்டுபிடிப்பு பத்தின அமெரிக்கச் சட்டம்) உரிமை தானா வந்துடும்னு யுனிவர்சிட்டி வாதாடிச்சு, 2011ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அப்படியெல்லாம் வராதுன்னுடுச்சு. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல எந்த வரி இருக்குன்னு போய் பாருங்க, நான் பாத்துட்டு ரெண்டு நாள் தூங்கல.

இவ்வளவு விஷயம் பேசின அன்னிக்கு என்னையும் சேத்து 5 பேர், அதுல ஒருத்தர் ரூம் மாறி வந்தவர். பாவம், அவர்தான் கடைசி வரைக்கும் உக்காந்து நோட்ஸ் எடுத்தாரு.

ஒரு வகுப்புக்கும் வராத உறுப்பினர் ஒருத்தர் ராத்திரி போன் பண்றாரு, ஸ்டூடன்ட் போன மாசமே கண்டுபிடிப்ப கருத்தரங்குல போஸ்டரா ஒட்டிட்டான், கம்பெனிக்காரன் லைசென்ஸ் கேக்கறான், இப்ப என்ன பண்றதுன்னு. டிஸ்க்ளோஷர் ஃபார்ம், அதான் இன்னது கண்டுபிடிச்சேன்னு ஆபீஸுக்கு எழுதித்தர ஃபார்ம், வாங்கினீங்களான்னு கேட்டேன். அது என்ன ஃபார்ம்னாரு. அதைத்தான் முதல் வகுப்புல ஒரு மணி நேரம் நடத்தினேன். பேர் சொல்லல, அவரே இதப் படிப்பாரு. சந்தாவும் அவர் ரெண்டு வருஷமா கட்டல.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டிப் போச்சு, விவரம் பொருளாளர்கிட்ட இருக்கு, கேட்டா காட்டுவாரு. சந்தா பாக்கி வெச்சவங்க லிஸ்ட்தான் உறுப்பினர் லிஸ்ட்டுக்கு கிட்டத்தட்ட வந்துடுச்சு.

தலைவருக்கும், ஹால் குடுத்தவங்களுக்கும், ஆடிட்டருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் சாஃப்ட்வேர் லைசென்ஸ், ராயல்டி பங்கு ரெண்டும் எடுக்கணும்னு ஆசை. பதவிய வேற யாராவது எடுத்துக்கிட்டாலும் சந்தோஷம்தான், ரெஜிஸ்டரும் ப்ரொஜெக்டரும் என் வீட்டுலதான் இருக்கு, எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம். வரும்போது சந்தாவையும் கொண்டாந்துடுங்க.