மூன்று மணி இருமல்

விருதுநகர்,
மாசி முதல் ஞாயிறு.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓசூரில் புது வீட்டுக்குத் தளம் போட்டதையும், தங்கச்சி வெயிலில் நின்றுகொண்டே கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்ததையும் நீ எழுதியிருந்ததை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. வாடகை வீட்டுக் கஷ்டம் எல்லாம் இந்தச் சித்திரையோடு தீரட்டும்.

போன தடவை போனில் "இன்னுமா அந்த இருமல்?" என்று கேட்டாய். "அது கிடக்கட்டும்" என்று பேச்சை மாற்றினேன். மண்டியில் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள், அதனால்தான். இன்று லீவு. மாடியில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

ஐப்பசி மழையில் சாதாரணமாகப் பிடித்த சளிதான். பத்து நாளில் காய்ச்சல், மூக்கடைப்பு எல்லாம் போய்விட்டது. இருமல் மட்டும் போகவில்லை. சளியே வராத வறட்டு இருமல். பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி சரியாக மூன்று மணிக்கு, யாரோ தொண்டைக்குள் மயிலிறகால் வருடியது மாதிரி ஒரு கமறல் எழுப்பிவிடும். ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் நிற்கவே நிற்காது. எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்கும். விலா எலும்பு விண் விண் என்று வலிக்கும். என் வீட்டுக்காரி, அதுதான் உன் தங்கச்சி, வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முதுகைத் தடவியபடியே தூங்கிப்போவாள். பாவம், அவள் தூக்கமும் நாலு மாசமாகப் போச்சு.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. தெருமுனை டாக்டரிடம் மூன்று பாட்டில் சிரப், இரண்டு தடவை ஆன்டிபயாடிக். வீட்டில் தூதுவளை ரசம், சுக்கு மிளகு திப்பிலி, ஆடாதொடைக் கஷாயம். ஆடாதொடைக்குப் பாடாத நாவும் பாடும் என்பார்களே. சின்னவள் பி.ஃபார்ம் படிக்கிறாள் இல்லையா, அவள்தான் சொன்னாள்: ஆடாதொடையில் இருக்கிற வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தையே செய்தார்களாம். "ஆனா அது சளியை இளக்குறதுக்குப்பா. உங்களுக்குத்தான் சளியே இல்லையே" என்றாள். கஷாயத்தை அன்றோடு நிறுத்தினேன்.

கார்த்திகைத் தொடக்கத்திலேயே எனக்குள் வேறு ஒரு பயம் வந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், நம் சின்ன வயதில் யாராவது மாதக்கணக்கில் இருமினால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி "ஆஸ்டின்பட்டிக்கு அனுப்பிட்டாங்க" என்பார்கள். டி.பி. (காசநோய்) ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர்ப் பெயரே நமக்கு நோயின் பெயராக இருந்தது. அந்தப் பயத்தில் ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது தப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது, காசும் கிடையாது. ஆவி பிடிக்க வைத்து எப்படியோ இரண்டு சாம்பிள் எடுத்தார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். டி.பி. இல்லை. ரிசல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்ட் திண்டில் உட்கார்ந்து அழுதேன் மாப்பிள்ளை.

அதன் பிறகுதான் மதுரையில் ஒரு நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். முதலில் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்கவே இல்லை. கால் மணி நேரம் கேள்விதான். எத்தனை மணிக்கு வருகிறது? சிரித்தால் வருகிறதா? ஏசியில்? ஊதுபத்தி, கொசுவத்தி? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், நெஞ்சு எரிகிறதா? மூக்கிலிருந்து தொண்டைக்கு எதுவும் ஒழுகுகிற மாதிரி இருக்கிறதா? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாயா? கடைசியாக, "என்ன வேலை?" என்றார். மிளகாய் வத்தல் மண்டியில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்வி: "லீவு நாளில் குறையுதா?"

மாப்பிள்ளை, அந்தக் கேள்வியை இருபத்தாறு வருஷத்தில் நானே என்னைக் கேட்டதில்லை.

அப்புறம் ஊதுகிற டெஸ்ட். மூக்கில் கிளிப்பைப் போட்டு, வாயில் ஒரு அட்டைக் குழாயைக் கொடுத்தார்கள். மூச்சை முழுக்க இழுத்து ஒரே வேகத்தில் வெளியே தள்ள வேண்டும், ஆறு வினாடியாவது நிறுத்தாமல். பக்கத்தில் நின்ற பெண் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று தேர் இழுக்கிற மாதிரி கத்துகிறாள். மூன்று தடவை ஊதி முடித்து, மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். மருந்துக்குப் பிறகு முதல் வினாடியில் வெளியே வரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா என்பதற்கு நல்ல ஆதாரம். எனக்கு 8 சதவீதம்தான் கூடியது. "அப்போ இல்லையா சார்?" என்றேன். "இல்லைன்னு சொல்ல முடியாது. இழுப்பு, விசில் சத்தம் எதுவும் இல்லாம இருமல் மட்டுமே காட்டுற ஆஸ்துமா உண்டு. நீங்க பகல்ல வந்திருக்கீங்க, உங்க குழாய் சுருங்குறது ராத்திரியில" என்றார். எல்லோருக்குமே மூச்சுக்குழாய் விடியற்காலை நாலு மணி வாக்கில் கொஞ்சம் சுருங்குமாம். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது அதிகம். என் மூன்று மணிக் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. சீட்டில் "ஆஸ்துமாவாக இருக்கலாம்" என்றுதான் எழுதினார்.

கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டுவது. ஒரு குழாய், அதன் மேல் எண்கள், ஊதினால் நகர்கிற ஒரு முள். தினமும் நாலு வேளை, வேளைக்கு மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணைக் குறிக்க வேண்டும். மண்டியில் இருக்கும் நாளும் லீவு நாளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பழைய நாள்வழி நோட்டு ஒன்றில் தேதி, காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி, சரக்கு வரத்து என்று கோடு போட்டேன். மண்டி நாட்களில் காலை 430, மதியம் 400, சாயங்காலம் 350. ராமநாதபுரத்து முண்டு வத்தல் லாரி இறங்கிய அன்று 330. பொங்கலுக்கு மண்டி அடைத்ததும் தென்காசிக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். முதல் இரண்டு நாள் பெரிய மாற்றமில்லை. நாலாவது நாள் காலை 430, சாயங்காலம் 420. அன்று ராத்திரி மூன்று மணி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அக்கா எழுப்பித்தான் எழுந்தேன். தை மாதக் குளிரில், சன்னல் திறந்திருந்த வீட்டில்! லாபமும் நஷ்டமும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த கணக்கை நான் எழுதியதே இல்லை.

மூட்டையைக் கொட்டும்போது வருகிற நெடி உனக்குத் தெரியும், நீயும் அந்தக் கிட்டங்கி வாசலில் வளர்ந்தவன்தான். அந்த நெடி யாரையும் இரும வைக்கும். மிளகாயில் இருக்கிற காப்சைசின், உடம்பில் சூட்டை உணர்கிற நரம்பு முனையைத்தான் போய்த் தட்டுகிறதாம். அதனால்தான் மிளகாய் "எரிகிறது". அந்த உணர்வியைக் கண்டுபிடித்ததற்கு டேவிட் ஜூலியஸ் என்பவருக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். இருமலை ஆராய்கிற இடங்களில் ஆட்களுக்கு இந்தக் காப்சைசினைத்தான் பனிமாதிரி நுண்துளியாக்கி, அளவைக் கூட்டிக் கூட்டி இழுக்கச் சொல்லி, எந்த அளவில் இருமுகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். சின்னவள் இதைச் சொன்ன அன்று நான் வெகுநேரம் பேசவில்லை. எந்த அளவும் இல்லாமல் இருபத்தாறு வருஷம் நான் இழுத்தது அதைத்தானே. அதனால் டாக்டருக்கும் இன்னும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. நெடியால் நரம்பு மட்டும் கூர்மையாகிப்போன இருமலா, மூச்சுக்குழாயே புண்ணாகிச் சுருங்குகிற ஆஸ்துமாவா? சாயங்காலம் முள் இறங்குவதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்கிறார்.

பெயர் முடிவாகட்டும் என்று காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட்டார். காலையும் ராத்திரியும் ஒரு கேப்சூலை ரோட்டாஹேலர் என்ற சின்ன இழுக்கும் குழலில் போட்டுத் திருகி இழுக்க வேண்டும். வீட்டில் ஒரே எதிர்ப்பு. "அதைப் பிடிச்சா விட முடியாது, ஸ்டீராய்டு" என்றாள் உன் தங்கச்சி. மாத்திரையில் போவது மில்லிகிராம் கணக்கு, இதில் போவது மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மைக்ரோகிராம் என்றால் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் நேராக நெஞ்சுக்கு என்று மகள்தான் புரியவைத்தாள். இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். மூன்று வாரமாகிறது. மூன்று மணி இருமல் வாரத்தில் ஏழு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. சிலருக்கு முழுக்க அடங்க இரண்டு மாதம்கூட ஆகுமாம்.

போன வாரம் பெரியவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "அந்தக் குழலை எடுத்து உள்ளே வைங்க. குடும்பத்துல இழுப்பு இருக்குன்னு நினைப்பாங்க" என்றாள் உன் தங்கச்சி. அவள் பயம் எனக்குப் புரிகிறது, கோபப்படவில்லை. ஆனால் வைக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே, திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அது எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருந்தது. பெண் பார்க்க வந்த பையனின் அப்பா அதைப் பார்த்தார். "எனக்கும் உண்டு, எட்டு வருஷமா" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சம்பந்தம் அமையுமா என்று இன்னும் தெரியவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். போனில் பேசும்போது நீயும் வார்த்தைக்கு வார்த்தை செருமுகிறாய், கவனித்தேன். மாத்திரைப் பெயர் "பிரில்" என்று முடிகிறதா பார். ராமிபிரில், எனாலபிரில் மாதிரி. அந்த வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நீயாக நிறுத்திவிடாதே. டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். மாற்றினால் சில வாரத்தில் அடங்கிவிடும். இதைத் தள்ளிப்போடாதே, நான் தள்ளிப்போட்டுப் பட்டது போதும்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். என் மேஜையைக் கிட்டங்கியிலிருந்து மாடி அறைக்கு மாற்றித் தந்தார். நல்ல மனிதர்தான். முகக்கவசமும் வாங்கித் தந்தார். புது வத்தல் வரத்து இப்போதுதான் தொடங்குகிறது, சித்திரை வரை மூட்டை மூட்டையாக வரும். நான் மாடிக்குப் போய்விட்டேன் மாப்பிள்ளை. ஆனால் கீழே பதினாலு பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, வத்தல் அம்பாரத்துக்கு நடுவில். மாடியிலிருந்து கேட்டால் பேச்சுச் சத்தத்தைவிட இருமல் சத்தம்தான் அதிகம் கேட்கிறது. இத்தனை வருஷம் அதே அறையில் இருந்தும் என் காதில் அது விழவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்களில் ஒருத்திகூட ஊதிப் பார்த்ததில்லை. நேற்று ஒரு அக்காவிடம் என் கருவியைக் கழுவிக் கொடுத்து ஊதச் சொன்னேன். ஆளுக்கு ஆள் அளவு மாறும், பெண்களுக்குக் குறைவாகத்தான் வரும், தெரியும். ஆனால் முள் 180இல் நின்றுவிட்டது. "என்ன தம்பி, பாஸா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவளை மதுரைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்கிறேன். மற்றவர்களுக்காக முதலாளியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் இரண்டு, காற்றோட்டமான கொட்டகை, வருஷம் ஒரு தடவை எல்லோருக்கும் ஊதல் டெஸ்ட். நீ ஃபாக்டரியில் இருந்தவன், இதையெல்லாம் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று எழுது.

அந்த 180ஐப் பார்த்ததிலிருந்து அத்தை ஞாபகமாகவே இருக்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று தலையணையை அடுக்கி, சாய்ந்தபடி, விடிய விடிய உட்கார்ந்தே இருப்பாளே. பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று நாம் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்த ராத்திரிகளில், "நான் முழிச்சுத்தான் இருக்கேன், நாலு மணிக்கு எழுப்புறேன், படுங்கடா" என்பாள். முழித்துத்தான் இருந்தாள் என்பதை நாம் ஒரு வசதியாக எடுத்துக்கொண்டோம். ஏன் முழித்திருந்தாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. விறகடுப்புப் புகை, வயசு, இழுப்பு உடம்பு என்று பெரியவர்கள் சொன்னார்கள், சரி என்று விட்டுவிட்டோம். நம் அப்பாக்கள் காலத்துப் பேட்டையில் அவளும் காம்பு கிள்ளப் போனாள் என்பது எனக்கு அரைகுறையாக ஞாபகம். நான் மூன்று மணிக்கு எழுந்து உட்காரும்போதெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அவளுக்கும் இதேதானா என்று இனிமேல் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனாலும் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்குனிப் பொங்கலுக்கு நீயும் தங்கச்சியும் கட்டாயம் வர வேண்டும். அக்னிச்சட்டி வரும்போது நான் தெருவில் நிற்க முடியாது, புகை ஒத்துக்கொள்ளாது. நம் மொட்டைமாடியிலிருந்து பார்ப்போம்.

அதற்கு முன்னால் இதற்கு மட்டும் உடனே பதில் போடு. அத்தை எந்த மண்டியில் உட்கார்ந்திருந்தாள், எத்தனை வருஷம்?

அன்புடன்,
உன் மாப்பிள்ளை