பற்றைக்காட்டில் டோசரை நிறுத்துங்கள்

மாவட்டத்தின் வீதியோரக் காடுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

கன்னியாப் பக்கத்துக் காட்டோரம் டோசர் இறங்கிய விபரம் தாங்கள் அறிந்ததே. கேட்டவர்களுக்கு, "பெரிய மரம் ஒன்றும் தறிக்கவில்லை, கீழ்ப்பற்றையைத்தான் துப்புரவாக்கினோம்" என்று பதில் வந்தது.

ஐயா, சோலைபாடி என்ற பறவைக்கு அந்தக் கீழ்ப்பற்றைதான் காடு. இலங்கையில் மட்டுமே வாழும் அதன் உள்ளினம், பாலையும் வீரையும் நிற்கும் நம் உலர்காட்டின் நிழலை நம்பியிருக்கிறது. நிலத்துச் சருகைக் கிளறிப் பூச்சி புழு பிடிக்கும். விடியலிலும் மைமலிலும் அது பாடுவதும் அந்தப் பற்றைக்குள் இருந்துதான். கூடு வைப்பதோ மரப்பொந்தில், பெரும்பாலும் ஆள் உயரத்துக்கும் கீழே. காய்ந்த இலையை அடியில் பரப்பி, மெல்லிய வேர்களால் கிண்ணம் போல அமைத்து, வெளிறிய நீலத்தில் தவிட்டுநிறப் புள்ளியுள்ள நாலைந்து முட்டைகளை இடும். அடைகாப்பது பெட்டை மட்டுமே, 12 முதல் 15 நாள். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய 12 நாள். ஏப்ரல், மே மாதங்களில் பட்டமரம் ஒன்றைச் சாய்த்தால் பொந்துக்குள் இருக்கும் அத்தனையும் போய்விடும். விறகுக்கென்று முதலில் ஏற்றப்படுவதும் அந்தப் பட்டமரந்தான்.

கத்தியால் வெட்டினால் வேர் நிலத்தில் நிற்கும், மாரி மழைக்குத் துளிர்க்கும். டோசர் வேரையும் மேல்மண்ணையும் சேர்த்து வாருகிறது. வெயில் படும் வெறுநிலத்தில் கினிப்புல் ஏறுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது காய்ந்து நிற்க, யாரோ எறியும் ஒரு பீடித்துண்டு போதும், நெருப்பு உட்காட்டுக்குள் போக. வீதியைத் துப்புரவாக்கச் செய்த வேலை காட்டுக்கே தீ வைக்கும் வேலையாகிறது. ஆகவே கேட்கிறோம்: டோசரை நிறுத்துங்கள்.

வளைவுகளில் பாதை தெரிய வேண்டும், யானை நிற்பது தெரிய வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு வீதி விளிம்பிலிருந்து மூன்று மீற்றரைக் கையால் வெட்டினால் போதும். ஆனால் யானையை வீதிக்கு அழைப்பது பற்றையா, காட்டோரம் கொட்டப்படும் குப்பையா? அந்தக் குப்பைக்குக் காகமும் பூனையும் குரங்கும் வருகின்றன, கூடுகளைக் குலைக்கின்றன. குப்பை லொறியை மறிக்க ஆளில்லை, பற்றையை வழிக்க மட்டும் இயந்திரமும் டீசலும் கிடைக்கின்றன. சுற்றாடல் தினத்துக்கு நட்ட கன்றுகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றவும் யாருமில்லை. தானாக வளர்ந்து நின்ற காட்டை அழித்துவிட்டு எதற்கு நடுகிறோம்?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். பறவைகளைக் காக்க 1937 ஆம் ஆண்டிலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. டோசரை நிறுத்தி, பட்டமரங்களை நின்ற இடத்திலேயே விட்டு, மார்ச் முதல் ஜூன் வரை எந்த வெட்டு வேலையும் வேண்டாமென்று ஒப்பந்தக்காரர்களுக்கு எழுத்தில் பணிப்புரை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
திருகோணமலையில் பறவைகளைக் கவனித்து வருவோர்