விமானியாக வயது தடையில்லை, ஆனால் மருத்துவப் பரிசோதனை முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் விமானிப் பயிற்சி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வயது ஒரு தடையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்று பின்னேரமே மலையகத்து நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிட்டது. ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர். எல்லோருக்கும் முப்பத்தைந்துக்கு மேல். என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்து, 37 வயதில் அந்த வேலையை விட்டு, இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான்.

கட்டுரை சொன்னது பொய்யில்லை. சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான வர்த்தக விமானி உரிமம் எடுக்கக் குறைந்த வயது 18, மேல் வயது என்று ஒன்றும் இல்லை. ஆனால் சர்வதேச விதிப்படி, இரண்டு விமானிகள் ஓட்டும் பயணிகள் விமானத்தில் 65 வயதுவரைதான் வேலை செய்யலாம், தனியாக ஓட்டினால் 60 வரை. 40 வயதில் உரிமம் கிடைத்தால் மிச்சம் 25 வருடம். அதிலும் முதல் சில வருடங்கள் பறந்த மணித்தியாலங்களைச் சேர்ப்பதிலேயே போய்விடும். பெரிய நிறுவனங்களில் கெப்டன் ஆவது பெரும்பாலும் சேர்ந்த வரிசைப்படி. 22 வயதுப் பையன் உங்களுக்கு ஒரு மாதம் முந்திச் சேர்ந்திருந்தால் அவன்தான் சீனியர். இது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தொழிற்சாலையிலும் என்னைவிட வயது குறைந்த துரைமாரிடம்தான் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

என் குறை வேறு. மருத்துவப் பரிசோதனையைக் கடைசிப் பந்தியில் ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வர்த்தக உரிமம் கிடையாது. கண், காது, இதயம், பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள் பயப்படத் தேவையில்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும், பறக்கும்போது இன்னொரு கண்ணாடியும் கூடவே வைத்திருக்க வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள். ஒருமுறை எடுத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். நாற்பதைத் தொடும் நம் ஆட்களில் எத்தனை பேர் சீனியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்?

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலையை விட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிய பிறகுதான் பரிசோதனைக்குப் போனார். நிறப் பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா அட்டையில் இலக்கங்களை அவரால் வாசிக்க முடியவில்லை. அதுவரை அவருக்கே அந்தக் குறை தெரியாது. காசு வாங்கியவர்கள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள்.

காசு விஷயத்திலும் ஒரு கணக்கு பிழையாகிறது. ஊழியர் சேமலாப நிதியை எடுத்துப் பயிற்சிக்குக் கட்டலாம் என்று ஃபோனில் பேசிய இரண்டு பேர் நினைத்திருந்தார்கள். அது ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். இடையில் வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு 30 வீதம் வரை எடுக்கலாம், விமானப் பயிற்சி அந்தப் பட்டியலில் இல்லை. வேலையை விட்டதும் எடுக்கக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதியம்தான். அதில் சேர்வது மாதச் சம்பளத்தில் 3 வீதம், அது எந்த மூலைக்கு? விமானமும் உதிரிப் பாகங்களும் எரிபொருளும் இறக்குமதி என்பதால் செலவு டொலரோடு சேர்ந்து ஏறும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொல்வதால் வராதீர்கள் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வயதுக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. கொழுந்து வாட்டும் மாடியில் காற்றின் ஈரத்தை அறிய ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்தே வேலை செய்தவனுக்கு வானிலைப் பாடம் புதிதாக இல்லை. வெப்பநிலையும், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலையும் நெருங்கினால் மூடுபனி வரும் என்பதை ஹட்டன்காரனுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஈரம் கூடிய காற்றில் 25 பாகை வெக்கையிலும் செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்றால் சின்னப் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி எங்கள் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களும் சிப்பந்திகளுமாக 191 பேர் அதில் இறந்தார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணி, இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, மலைகளுக்கு மேலேயே கீழே இறங்கியிருக்கிறார்கள். வழிகாண் பாடத்தில் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறும்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியதையும் எழுதியிருக்கலாம். இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, கட்டணத்தில் எத்தனை மணித்தியாலப் பறப்பு அடங்கும், கூடுதலாகத் தேவைப்பட்டால் மணிக்கு எவ்வளவு? ஒரு விமானம் திருத்த வேலைக்குப் போய்ப் பயிற்சி மாதக்கணக்கில் நின்றால், இருபது வயதுக்காரன் காத்திருப்பான். நாற்பது வயதுக்காரரின் வீட்டு வாடகை காத்திருக்காது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, சிவில் விமான சேவைகள் அதிகார சபை அங்கீகரித்த மருத்துவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் தயவுசெய்து சேருங்கள். பொகவந்தலாவை ஆசிரியரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "சேர், ஒரு நாள் லீவு போட்டுக் கொழும்புக்கு வந்து பரிசோதனையை முடிச்சிட்டுப் போங்க. ராஜினாமாக் கடிதம் எல்லாம் அப்புறம்."

இப்படிக்கு,
முன்னாள் டீமேக்கர் ஒருவர்,
நோர்வூட்.