லீக்கை வென்ற அணிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு ஆண்கள் ஐஸ் ஹாக்கிக் குழுவினருக்கு,

வணக்கம்.

ரோசெஸ்டருக்குப் படிக்க வந்த புதிதில் எனக்கு ஐஸ் ஹாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறை நண்பன் ஒருவன் இழுத்துக்கொண்டு போய் எங்கள் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியான ஆர்.ஐ.டி.யின் பழைய ரிட்டர் அரங்கில் உட்கார வைத்தான். சின்ன அரங்கம். கண்ணாடித் தடுப்பை ஒட்டி இரண்டாவது வரிசை. ஆட்டக்காரர்கள் வந்து மோதும்போது கண்ணாடி நம் முகத்துக்கு நேரே அதிரும். ஸ்கேட் திரும்பும்போது பனி சீவப்படும் சத்தம், வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் மாதிரியே இருக்கும். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அந்த உரிமையில்தான், லீக்கில் சீசன் முழுக்க ஆடி முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தேசியப் போட்டியில் ஓர் இடம் கேட்டு எழுதுகிறேன்.

2010 மார்ச்சில் ஆர்.ஐ.டி. தேசியப் போட்டிக்குப் போனது. அட்லாண்டிக் ஹாக்கி லீக்கின் கோப்பையை வென்றதால் கிடைத்த நேரடித் தகுதி அது. அப்போது விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தராத கல்லூரி. மற்ற விளையாட்டுகளில் எல்லாம் மூன்றாம் பிரிவில் ஆடுகிற கல்லூரி. ஆல்பனியில் டென்வரை 2-1, அடுத்த நாள் நியூ ஹாம்ப்ஷயரை 6-2 என்று சாய்த்து, டெட்ராய்ட்டில் நடந்த அரையிறுதிக்குப் போய்விட்டார்கள். அங்கே விஸ்கான்சின் 8-1 என்று வெளுத்து வாங்கியது உண்மைதான். ஆனால் அந்த வசந்த காலத்தில் ரோசெஸ்டரில் பேருந்து ஓட்டுநர் முதல் பேராசிரியர் வரை பேசியது ஹாக்கியைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேசியப் போட்டியில் மொத்தம் 16 இடங்கள். ஆறு லீக்குகளில் சீசன் முடிவில் நடக்கும் கோப்பைப் போட்டியை வெல்லும் ஆறு அணிகளுக்கு நேரடித் தகுதி. மீதி பத்து இடங்களைத் தரவரிசைக் கணக்கு நிரப்புகிறது. அந்தப் பத்தில் சின்ன லீக்குகளுக்கு எவ்வளவு கிடைக்கிறது? 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய லீக்குகளான ஹாக்கி ஈஸ்டிலிருந்து ஆறு அணிகள், பிக் டென்னிலிருந்து நான்கு. சி.சி.எச்.ஏ. லீக்குக்கு ஒன்று, அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்காவுக்கு (அட்லாண்டிக் லீக்கின் இப்போதைய பெயர்) ஒன்று. அந்த ஒன்றும் கோப்பையை வென்றவருக்கானது.

அட்லாண்டிக் லீக்கில் அந்த சீசன் முழுக்க முதலிடத்தில் வந்தது ஹோலி கிராஸ். ஐந்து மாதம் ஆடி முதலிடம். மார்ச்சில் இறுதி ஆட்டத்தில், வுஸ்டரில் தங்கள் சொந்த அரங்கத்திலேயே, பென்ட்லியிடம் தோற்றார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. பென்ட்லிக்கு அது முதல் தேசியப் போட்டி. அவர்கள் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பாஸ்டன் காலேஜிடம் 3-1 என்று போராடித்தான் தோற்றார்கள். ஆனால் ஹோலி கிராஸின் ஐந்து மாத உழைப்பை ஓர் இரவு அழித்துவிட்டது. இதே ஓர் இரவுத் தோல்வி பெரிய லீக்கின் முதலிட அணிக்கு வந்தால் அந்த அணி வீட்டுக்குப் போகாது. தரவரிசை தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் தாங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அணிகளை வரிசைப்படுத்தப் பல ஆண்டுகள் நீங்கள் வைத்திருந்த பேர்வைஸ் முறையின் அடித்தளமான கணக்கில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான். மீதி 75 சதவீதம் எதிராளியும், எதிராளியின் எதிராளியும் எப்படி ஆடினார்கள் என்பது. இப்போது என்.பி.ஐ. என்று வேறு கணக்கு வந்திருக்கிறது. எதிரணியின் பலம் அதிலும் கூடவே நிற்கிறது. சரி, பலமான அணிகளோடு ஆட வேண்டியதுதானே என்பீர்கள். பெரிய கல்லூரிகள் சின்ன ஊர் அரங்கத்துக்கு எளிதில் ஆட வருவதில்லை. சின்ன லீக் அணிகள்தான் அக்டோபரில் பேருந்து ஏறி அங்கே போய் ஆட வேண்டும். வெளியூர் வெற்றிக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்தது நல்ல யோசனை, ஆனால் அது போதவில்லை. 2013-இல் நயாகரா தரவரிசை வழியாக உள்ளே வந்ததை இன்றும் அட்லாண்டிக் ரசிகர்கள் ஓர் அதிசயத்தைப் போலத்தான் சொல்கிறார்கள்.

பலவீனமான அணிகளை உள்ளே விட்டால் போட்டியின் தரம் குறையும் என்ற பேச்சு எனக்குப் புரிகிறது. பல வருடங்கள் சின்ன லீக் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 2006-இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் மினசோட்டாவை ஓவர்டைமில் வீழ்த்தியது யார்? இதே ஹோலி கிராஸ். 2009-இல் 16 அணிகளில் கடைசியாக வரிசைப்படுத்தப்பட்ட பெமிட்ஜி ஸ்டேட், நோத்ர டேமை 5-1 என்று அடித்து அரையிறுதிவரை போனது. வெறும் நான்கு அணிகள் இருந்த லீக்கிலிருந்து! தரவரிசையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணியை 2015-இல் ஆர்.ஐ.டி., 2018-இல் ஏர் ஃபோர்ஸ், 2019-இல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்று ஐந்து ஆண்டில் மூன்று முறை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது அட்லாண்டிக் லீக்தான்.

அந்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் இன்றைக்கு முதல் பிரிவில் இல்லை. 2019, 2021, 2022 என்று லீக் கோப்பையை வென்ற அணி, 2024-25 சீசனோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அலபாமா-ஹன்ட்ஸ்வில் 2021-இல் ஹாக்கியையே நிறுத்தியது. தங்கள் லீக் கலைந்ததில் அலாஸ்காவின் இரண்டு அணிகளும் எந்த லீக்கும் இல்லாமல் நிற்கின்றன. லீக் இல்லையென்றால் நேரடித் தகுதியும் இல்லை. இவை மூடப்படுவதற்கும் ஒதுங்குவதற்கும் பணம்தான் முதல் காரணம் என்று எனக்கும் தெரியும். ஆனால் மார்ச் மாதத்தில் ஓர் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் கல்லூரி நிர்வாகத்திடம் பேச ஒரு வார்த்தையாவது இருக்கும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆறு லீக்குகளிலும் சீசனில் முதலிடம் பிடித்த அணிக்கு, கோப்பையில் தோற்றாலும், அந்தப் பத்து இடங்களில் ஒன்றை உறுதி செய்யுங்கள். இதனால் பெரியவர்களுக்கு என்ன நஷ்டம்? 2025-ஐயே எடுத்துப் பாருங்கள். பாஸ்டன் காலேஜ், மிச்சிகன் ஸ்டேட், அதோடு முதலிடத்தைப் பகிர்ந்த மினசோட்டா, வெஸ்டர்ன் மிச்சிகன், மினசோட்டா ஸ்டேட், குவினிபியாக் என்று மற்ற லீக்குகளின் முதலிட அணிகள் எல்லாம் எப்படியும் உள்ளே இருந்தன. வெளியே நின்றது ஹோலி கிராஸ் மட்டும். ஒரே ஓர் இடம்.

விதியை மாற்றுவது உங்களுக்குப் புதிதும் அல்ல. பெண்கள் போட்டியில் எட்டாக இருந்த அணிகளை 2022-இல் பதினொன்றாக்கினீர்கள். மறு ஆண்டே சின்ன நியூஹா லீக்கின் வெற்றியாளருக்கும் நேரடித் தகுதி கிடைத்தது.

உங்கள் அடுத்த விதிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். பேசுவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வுஸ்டருக்கோ ரோசெஸ்டருக்கோ வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பாருங்கள்.

அன்புடன்,
ரோசெஸ்டரின் பழைய மாணவன் ஒருவன்